துத்தமும் உலைத்தூசும்

டத்தோ கிராமாட் மக்களுக்கு உலை புதிதன்று; ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி இங்கே நெடுங்காலம் வெள்ளீயம் உருக்கிற்று. மலாயா, தாய்லாந்து ஈய உலைகள் ஒதுக்கிய கசட்டிலிருந்து பிற்காலத்தில் மின்தேக்கிகளுக்குரிய டாண்டலம் எடுக்கப்பட்டது. இவ்வுரை எடுத்துக்கொள்வது அதுபோன்ற மற்றோர் எச்சம்: எஃகாலைத் தூசு.

கடலுக்கு அப்பால் பிறையில் பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கி எஃகு செய்கின்றனர். வாகன உடல்களும் தகரக் கூரைகளும் பழைய இரும்பில் அடக்கம். (தகரம் என்பது வெள்ளீயத்தின் பெயர், கூரைத் தகட்டின் மேலிருப்பதோ துத்தநாகப் பூச்சு. வழக்கு அப்படி அமைந்துவிட்டது.) இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வேண்டும், துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே அது இரும்போடு தங்காமல் புகையோடு எழுந்து, உயிர்வளியுடன் கூடித் தூளாகி, வடிகட்டிப் பைகளில் சேர்கிறது. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 கிலோ தூசு சேரும். அதில் ஐந்திலொரு பங்குவரை துத்தநாகம் இருப்பதுண்டு. காரீயமும் கேட்மியமும் உடனிருப்பதால், வெளியில் கொட்டினால் அவை மழைநீரோடு மண்ணில் இறங்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய கழிவைக் கட்டுப்படுத்துவது அதனால்தான்.

மீட்பு முறைகளுள் பெருவழக்கானது வெல்ட்ஸ் முறை. உருளுதலைக் குறிக்கும் செர்மானியச் சொல்லடியாகப் பிறந்த பெயர். சற்றே சாய்ந்து சுழலும் நீண்ட உலையில், தூசைக் கல்கரியோடு கலந்து ஏறத்தாழ 1200 பாகைக்குச் சூடேற்றுவர். கரி உயிர்வளியைப் பறிக்க, துத்தநாகம் மீண்டும் ஆவியாகி, மேலே காற்றுபட்டு ஆக்சைடாகிறது. அவ்வாறு திரட்டிய தூளில் பாதிக்குமேல் துத்தநாகம். இரும்பு கசட்டில் தங்கிவிடும்.

புகையைப் பிடித்துப் பொருளாக்கும் இக்கருத்து மிகப் பழையது. பாரசீகத்தில் ஒருவகை மண்ணை உலையிலிட்டு, எழும் புகையை இரும்புக் கம்பித் தட்டில் படியவைத்துக் கண்மருந்துக்குரிய துத்தியா எடுத்ததை 13ஆம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ விவரிக்கிறார். அந்த அரபுச் சொல்லையும் வடமொழித் துத்தத்தையும் அறிஞர் இணைத்துக் காண்பர். நம் மயில்துத்தத்திலும் பால்துத்தத்திலும் இருப்பது அத்துத்தமே. அதனோடு நாகம் சேர்ந்த துத்தநாகம், போர்த்துக்கீசியர் வாய்வழி ‘டூட்டநேக்’ என ஆங்கில வணிகத்திலும் புகுந்தது.

எனவே ‘வெல்ட்ஸ் ஆக்சைடு’ என்பதற்கு ‘உலைத்துத்தம்’ என்னும் கலைச்சொல்லை முன்வைக்கிறேன். மூலத் தூசுக்கு அப்பெயர் பொருந்தாது. அதில் இரும்பும் மிகுதி.