ஐந்து முறையா, இருபது முறையா?

தறியிலும் வயலிலும் உழைத்து ஓய்ந்த வயதில் ஆடவரைப் பற்றும் நோய்களுள் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயும் ஒன்று. மூத்திரப்பையின் கீழே பெருநெல்லிக்காயளவில் அமைந்தது அச்சுரப்பி. நோய் அதற்குள்ளேயே அடங்கியிருக்கையில் கண்டறிந்தால் மிகவும் அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் கதிர்ச் சிகிச்சை என்றதும், எத்தனை நாள் வெளியூரில் தங்குவது, தறி நின்றால் குடும்பம் என்னாவது என்ற கவலையே முன்னெழுகின்றது. விஸ்வநத்தத்திலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். சென்னையோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆதலின் இப்பொருளை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1957இல் கோபால்ட் கதிர்க் கருவி நிறுவப்பெற்றது. அக்காலக் கருவிகளால் நோயுற்ற இடத்தை மட்டும் குறிவைத்தல் அரிது. அண்டையிலுள்ள மலக்குடலும் மூத்திரப்பையும் புண்படாதிருக்கச் சிறுசிறு அளவாகப் பல வாரம் கதிர் கொடுக்க நேர்ந்தது. இன்று கணினியின் துணையால் சுரப்பியின் வடிவத்துக்கேற்பக் கதிரைச் செலுத்துகின்றனர். ஆகவே ஒரு முறைக்குரிய அளவைக் கூட்டி, முறைகளைக் குறைக்க இயல்கிறது.

பிரிட்டனில் 3,216 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2016இல் வெளிவந்தது. 37 முறைக்குப் பதிலாக 20 முறை கொடுத்தும் பலன் குறையவில்லை. ஏழரை வாரம் நான்கு வாரமாயிற்று. 874 பேரிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சி 2024இல் வெளியாயிற்று. ஓரிரு வாரத்துக்குள் 5 முறையே பெற்றவர்களுள் நூற்றுக்கு 96 பேரும், நீண்ட முறையில் பெற்றவர்களுள் 95 பேரும் ஐந்தாண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாதிருந்தனர். ஆனால் அவ்வைந்தாண்டில் நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ மூத்திரத் தொல்லை கண்டவர்கள் முன்னவருள் நூற்றுக்கு 27, பின்னவருள் 18. நாள் மிச்சத்துக்கு இது ஒரு விலை. முன்பே மூத்திரத் தடையுள்ளவர்கள் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரிசிமணி போன்ற அயோடின் மணிகளைச் சுரப்பியினுள் பதிக்கும் முறையும், இரிடியத்தை ஊசிக்குழல் வழியே சிறிது நேரம் வைத்தெடுக்கும் முறையும் உண்டு. சென்னையில் 2019 முதல் புரோட்டான் கதிரும் கிடைக்கிறது. செலவு மிக அதிகம். அமெரிக்காவில் ஒப்பிட்டு 2024இல் அறிவித்த முடிவின்படி, இரண்டாண்டுக்குப் பின் குடல் நலத்தில் அது வழக்கமான நவீனக் கதிரினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை.

அவசரமும் வேண்டா. பிரிட்டனில் 1,643 பேரை 15 ஆண்டுகள் கவனித்து 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறுவை, கதிர், கண்காணிப்பு ஆகிய எவ்வழியிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூவரே.

ஆகவே நிலத்தை அடகு வைக்குமுன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் நோய் எந்த நிலையில் உள்ளது? எத்தனை முறை கதிர் தேவை? குறைந்த முறைகள் என் உடலுக்குப் பொருந்துமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கும் சிகிச்சையுண்டு. அட்டையை உடன் கொண்டு செல்க. விலையுயர்ந்த கருவியே சிறந்த வைத்தியம் என்பதில்லை. தக்க காலத்தில், தக்க அளவில், கேட்டறிந்து பெறுவதே சிறந்தது.