பெட்டிக்கு எந்த வழி?

கொழும்பு விமான நிலையம் கொழும்பில் இல்லை. நகருக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, நீர்கொழும்புக்குப் பக்கத்தில், கட்டுநாயக்காவில் இருக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டு விமானங்கள் தெகிவளை தாண்டி இரத்மலானையில் இறங்கின. வெள்ளவத்தைக்காரருக்கு அது எட்டிப் பார்க்கும் தூரம். 1960களில் அந்தப் போக்குவரத்து கட்டுநாயக்காவுக்கு மாறியது. இப்போது வெள்ளவத்தைக்குப் பெட்டி வந்து சேர நகரத்தை வடக்கிலிருந்து தெற்கே கடந்தாக வேண்டும். கொட்டாஞ்சேனை நகரத்தின் வட வாசலிலேயே இருப்பதால் அங்கே போகிறவருக்கு அந்தச் சிரமம் இல்லை. எதில் ஏறுவது என்று யோசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

2013 ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை சுமார் 26 கிலோமீற்றர். பேலியகொடையில், களனிப் பாலத்தடியில் முடிகிறது. அதுவரை வர அரை மணி போதும். ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் அதில் விடமாட்டார்கள். விமான நிலைய வாசலில் ஓட்டோக்காரர் மலிவாகக் கேட்டால், அவர் சீதுவை, ஜா-எல, கந்தானை, வத்தளை என்று பழைய வீதியால்தான் போவார் என்பதை நினைவில் வையுங்கள். அந்த வழியில் ஒவ்வொரு சந்தியிலும் நிற்க வேண்டும்.

தோளில் ஒரு பை, கையில் ஒரு சிறு பெட்டி என்றால் 187ஆம் இலக்க ஏசி பஸ் போதும். நெடுஞ்சாலையால் வந்து புறக்கோட்டைப் பக்கம் இறக்கிவிடும். செலவும் ஆகக் குறைவு. ஆனால் இவை சிறிய பஸ்கள். பொதி வைக்கத் தனி இடம் என்று பெரிதாக இல்லை. பெரிய சூட்கேஸ் ஓர் ஆசனத்தைப் பிடித்தால் அதற்கும் காசு கேட்பார்கள். புறக்கோட்டையில் இறங்கினால் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ கிட்டத்துப் பயணம்தான். மீற்றர் போட்ட ஓட்டோவாகப் பாருங்கள். பின் ஆசனத்தில் ஒருவரும் இரண்டு பெட்டியும் நெருக்கி இருக்கலாம். மூன்றாவது பெட்டிக்கு இடமில்லை. வெள்ளவத்தைக்கு 100, 101 பஸ்கள் காலி வீதியால் போகும். கோட்டையிலிருந்து கரையோர ரயிலும் உண்டு. இரண்டிலும் கூட்டம், இரண்டிலும் படி. 23 கிலோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படி ஏறிப் பார்த்தவர், மிச்சம் பிடித்த காசை மறுநாள் இடுப்புக்குத் தைலம் வாங்கச் செலவழிப்பார்.

பெட்டி இரண்டுக்கு மேல் என்றால் வாசலிலிருந்து வாசல் வரை ஒரே வாகனம்தான் சரி. வருகை மண்டபத்து டாக்ஸி கவுண்டரில் கட்டணத்தை முதலே பேசி, ரசீது வாங்கிப் போகலாம். பிக்மீ, ஊபர் செயலிகளில் கூப்பிடும் வாகனம் பெரும்பாலும் அதைவிட மலிவு. ஆனால் வாகனம் நிற்கும் இடம்வரை தள்ளுவண்டியோடு கொஞ்சம் நடக்க வேண்டி வரலாம். எதில் போனாலும் நெடுஞ்சாலைக் கட்டணம் சொன்ன தொகைக்குள் அடக்கமா என்று ஏறுமுன் கேளுங்கள்.

ஆட்களை எண்ணி வாகனம் பிடிப்பதால்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். எண்ண வேண்டியது பெட்டியை. இரண்டு பேர்தானே என்று சின்னக் காரைக் கூப்பிட்டால், கனடாவிலிருந்து வந்த நாலு சூட்கேஸையும் பார்த்துச் சாரதி தலையைச் சொறிவார். அல்டோவின் பின்பக்கம் ஒரு பெரிய பெட்டிக்கே திணறும். வாகன்ஆரில் பின் ஆசனத்தை மடக்கினால் பெட்டி போகும், ஆள் போகமுடியாது. மூன்று பெரிய பெட்டி தாண்டினால் வான்தான். வீட்டார் கூப்பிட வருவதாக இருந்தாலும் இதே கணக்கு: ஆறு பேர் ஆசையோடு வந்துவிட்டால் பெட்டிக்கு இன்னொரு வாகனம் தேட வேண்டும்.

பேலியகொடை தாண்டினால் வழி பிரிகிறது. கொட்டாஞ்சேனைக்கு களனி கங்கையைக் கடந்து, கிராண்ட்பாஸ், ஆமர் வீதிப் பக்கமாகத் திரும்பினால் வந்துவிடும். புறக்கோட்டை நெரிசலுக்குள் போகத் தேவையில்லை. வெள்ளவத்தைக்கு இரண்டு வழி. ஒன்று கோட்டை, காலிமுகத்திடல், காலி வீதி. மற்றது பேஸ்லைன் வீதியால் தெமட்டகொடை, பொரளை, கிருலப்பனை போய்ப் பாமன்கடையால் இறங்குவது. விடியற்காலையில் எதுவும் சுகம். அலுவலக நேரத்திலும், பள்ளிக்கூடம் விடும் மத்தியானத்திலும் விமானப் பயணத்தைவிட இந்தப் பத்துக் கிலோமீற்றர்தான் நீளமாகத் தெரியும்.

வெள்ளவத்தையில் இன்னொரு விஷயம். வீடு காலி வீதிக்குக் கடல் பக்கமா, மற்றப் பக்கமா என்று சாரதிக்கு முதலே சொல்லுங்கள். கடல் பக்கம் என்றால் மரைன் டிரைவால் வந்து ஒழுங்கைக்குள் ஏறலாம். ஒடுங்கிய ஒழுங்கையில் பெரிய வானைத் திருப்புவது பெரும்பாடு.

யாழ்ப்பாணம் போகிறவர் இவ்வளவும் படத் தேவையில்லாமல் இருக்கலாம். இரவு பஸ்களில் பல நீர்கொழும்பு, புத்தளம் வழியாகத்தான் வடக்கே போகின்றன. ஆசனம் பதியும்போதே வழியில் ஏறலாமா என்று கேட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். தொடர்மாடியில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். கேற் திறக்க ஓர் ஆளை இறங்கி நிற்கச் சொல்லுங்கள். கொட்டாஞ்சேனை வீட்டில் அப்போதே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டலாம். வெள்ளவத்தை வீட்டார் கொஞ்சம் பொறுக்கட்டும்.