மட்கார்டும் டயரும்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது நம் நாட்டுப் பழமொழி. சேற்றையும் கல்லையும் தடுத்தற்பொருட்டுச் சக்கரத்தின்மேல் அமைந்த மட்கார்டே சிற்சில வேளைகளில் டயரை அறுத்துவிடுகின்றது. சென்ற விடுமுறையில் எம் சிற்றப்பாவின் காரில் ஐவர் ஏறிச் சென்றபோது, பின்புறத்தே 'கரகர' என்னும் ஓசை கேட்டோம். இறங்கி நோக்குங்கால், டயரின் பக்கச்சுவரில் கத்தியாற் கீறினாற்போன்ற வடு காணப்பட்டது. விரைந்து செல்லும்போது அவ்விடம் வெடித்திருப்பின் யாது நேர்ந்திருக்குமென எண்ணி நடுங்கினோம். அதன்பின் வீட்டிலேயே யாம் செய்த திருத்தத்தை ஈண்டு உரைக்கின்றோம்.

நோயின் காரணத்தை ஆராய்ந்தே மருந்திடுக என்றார் திருவள்ளுவர். அந்நெறி இதற்கும் ஒக்கும். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருப்பின், மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கேயன்றி மட்கார்டன்று. எம் வண்டியிலோ 205/55 ஆர் 16 என்னும் டயருக்கு மாறாக 225/55 ஆர் 16 பூட்டப்பட்டிருந்தது. முதலெண் அகலத்தை மில்லிமீட்டரிலும், இரண்டாவது அவ்வகலத்தில் பக்கச்சுவர் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும், இறுதியெண் உள்வளையத்தின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கும். கணக்கிடின், புதிய டயர் பக்கத்திற்கு 10 மில்லிமீட்டர் அகன்றும், மேலே 11 மில்லிமீட்டர் உயர்ந்தும் நிற்கும். பழைய அளவிற்கு மீளுதலே தலையாய வழி. ஏனைய மூன்றும் புதியனவாதலின், சிற்றப்பா அதற்கு இசைந்திலர்.

உராயும் இடத்தைக் காண, விளிம்பின் உட்புறத்தே சுண்ணக்கட்டியைப் பூசி, பின்னிருக்கையில் ஆட்களை அமர்த்தி, மேடுபள்ளத்தில் மெல்லச் செலுத்தினோம். சுண்ணம் அழிந்த இடமே குற்றமுள்ள இடம். முன்சக்கரமாயின், ஸ்டியரிங்கை இருபுறமும் முற்றத் திருப்பியும் சோதித்தல் வேண்டும்.

பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கியின்மேல் அமர்த்திச் சக்கரத்தைக் கழற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைதல் உயிருக்கே கேடாகும். மட்கார்டின் விளிம்பு உள்நோக்கி மடிந்து சிறு உதடுபோல் நிற்கும். அதனை மேல்நோக்கி மடித்தலே வேலை. இதற்கென, சக்கரக் குடத்தில் முடுக்கும் கையும் நுனியில் உருளையும் உடைய கருவியுண்டு. குளிர்ந்த வர்ணம் வெடிக்குமாதலின், ஹீட் கன் கொண்டு தொட்டாற் சுடுமளவு சூடேற்றி, உருளையை முன்னும் பின்னும் பன்முறை உருட்டி, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகவே மிகுத்தோம். அமெரிக்க நாட்டார் சிலர் பேஸ்பால் மட்டையை டயருக்கும் விளிம்புக்கும் இடையே செருகி வண்டியை நகர்த்துவர். அம்முறையில் தகடு நெளிதல் எளிது.

இவையெல்லாம் எஃகுத் தகட்டிற்கே பொருந்தும். பிளாஸ்டிக், நாரிழை மட்கார்டுகள் மடியாது உடையும். பின்சக்கரத்தின்மேல் இருதகடுகள் சேரும் பொருத்துவாய் பிளந்தால் நீர் புகுந்து துருவேறும். ஆதலின் அவ்விடத்தைப் பசையால் அடைத்து, வர்ணம் உரிந்த இடத்தைத் தேய்த்து, பிரைமரும் வர்ணமும் பூசுதல் வேண்டும். இறுதியில் மீண்டும் சுண்ணம் பூசிச் சோதித்தோம்; அது அழியவில்லை.

எனினும் ஒன்று மறவற்க. பக்கச்சுவரின் உள்ளிழை அறுபட்ட டயருக்கு ஒட்டுப்போடுதல் பயனின்று. வடுப்பட்ட டயரை யாம் அன்றே களைந்தோம். அதனை மாற்றாது மட்கார்டை மட்டும் திருத்துவோர், வேலியைச் செப்பனிட்டுப் பயிரை மறந்தவரேயாவர்.