மழைக் கணிப்பும் குடியானவன் அவநம்பிக்கையும்

வானிலை இலாகாவார் வெளியிடும் மழைக் கணிப்புகளை நமது குடியானவர்கள் நம்புவதில்லை என்றும், அதற்குக் காரணம் அவர்களுடைய அறியாமையே என்றும் படித்தவர்கள் கூட்டங்களில் அடிக்கடி பேசக் கேட்கிறோம். முதற் கூற்று பெரும்பாலும் உண்மையே. இரண்டாவது கூற்றை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நாற்பது வருஷம் ஒரே நிலத்தில் ஏர் பிடித்தவன் ஒரு சாட்சியை நம்ப மறுக்கிறான் என்றால், அந்தச் சாட்சி என்ன சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான், முன்பு சொன்னவை எவ்வளவு தூரம் பலித்தன என்று விசாரிப்பதே முறை. விசாரணை இல்லாமலே குடியானவனை மூடன் என்று தீர்ப்பளிப்பது எந்த நீதிஸ்தலத்திலும் செல்லாது.

இலாகா பிறந்ததே ஜனங்களின் துன்பத்தில்தான். 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. அதையடுத்த வருஷங்களில் மழை பொய்த்துப் பஞ்சங்கள் வந்தன. 1875-ல் ஆங்கில சர்க்கார் இந்த இலாகாவை ஏற்படுத்தினார்கள். மறு வருஷமே தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. இலாகாவின் முதல் தலைவரான பிளான்போர்டு துரை, இமயமலையில் உறையும் பனியின் அளவைக் கொண்டு பருவமழையை அனுமானிக்க முயன்று, 1886-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி முதலாவது நீண்டகாலக் கணிப்பை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த எலியட் துரை 1899-ல் நல்ல மழை பெய்யும் என்று கூறினார். அந்த வருஷந்தான் நாட்டின் பெரும் பகுதியில் மழை அறவே பொய்த்துக் கொடும் பஞ்சம் மூண்டது. இதற்குச் சர்க்கார் கண்ட பரிகாரம் விசித்திரமானது. சில வருஷ காலம் கணிப்பைப் பத்திரிகைகளுக்குக் கொடாமல் உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் ரகஸ்யமாக அனுப்பி வந்தார்கள்! தவறு நேர்ந்தால் அதை ஜனங்களிடமிருந்து மறைப்பது என்ற அந்தப் பழக்கத்தின் வாடை இன்னும் முழுவதும் நீங்கிவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

சுயராஜ்யம் வந்த பிறகு நடந்ததையும் பார்ப்போம். 1988-ல் பதினாறு அறிகுறிகளைக் கொண்டு கணிக்கும் முறை ஒன்றை நமது விஞ்ஞானிகள் கொண்டுவந்தார்கள். வருஷந்தோறும் இயல்பான மழை என்றார்கள். அவ்வாறே பெய்தும் வந்தது. 2002-ல் நூற்றுக்கு 101 பங்கு மழை என்றார்கள். பெய்தது 81 பங்கு. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் நாடு முழுவதும் வழக்கமான மழையில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. முறை மாற்றப்பட்டது. 2009-ல் ஏப்ரல் மாதக் கணிப்பு 96; பெய்தது 78. இவை சாதாரணப் பிழைகள் அல்ல. நல்ல மழை பெய்த வருஷத்தில் கணிப்பு பலித்தால் அதனால் குடியானவனுக்கு விசேஷ லாபம் ஒன்றுமில்லை, அவன் எப்படியும் விதைத்திருப்பான். மழை பொய்க்கும் வருஷத்திலேதான் முன்னறிவு அவனுக்கு வேண்டும். சரியாக அந்த வருஷங்களிலே கணிப்பு கைவிட்டது. 2024-ல் 106 என்று சொல்லி 108 பெய்ததையும் நாம் மறைக்கவில்லை. இலாகாவின் திறமை வளர்ந்து வருகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் எண் பலித்துவிட்டாலே நம் நாட்டு உழவனுக்குப் பயன் உண்டா? இந்த எண் ஜூன் முதல் செப்டம்பர் வரை தேசம் முழுவதும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் சராசரி. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ வருஷங்களில் தென்மேற்கு மழை குறைவதும், நமது ஐப்பசி கார்த்திகை மழை கூடுவதும் பலமுறை கண்ட விஷயம். அப்படியிருக்க, டில்லியிலிருந்து வரும் ஒரே எண்ணைப் பத்திரிகைகள் தலைப்பெழுத்தில் போட்டு, நாகப்பட்டினத்துக் குடியானவனையும் அதைக் கண்டு மகிழச் சொல்கின்றன. சித்திரை முதல் தேதி கோயிலில் படிக்கும் பஞ்சாங்கமாவது, கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று மழையைப் பிரித்துச் சொல்லுகிறது!

2023-ம் வருஷத்துக் குறுவையை இங்கே எடுத்துக்கொள்வோம். தேசத்துக்குச் சொன்ன கணிப்பு 96, பெய்தது 94. கணிதப்படி இது பெரிய வெற்றி. மேட்டூர் அணையும் வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி திறக்கப்பட்டது. டெல்டா ஜில்லாக்களில் நாற்று விட்டார்கள், நட்டார்கள். ஆகஸ்டு மாதமோ 1901 முதற்கொண்டு இல்லாத வறட்சியாகக் கழிந்தது. காவேரியின் நீர்ப்பிடிப்பு மலைகளில் மழை குறைந்தது. கர்நாடக சர்க்கார் தங்கள் தாலுகாக்களில் பெரும்பாலானவற்றை வறட்சிப் பகுதிகள் என்று பிரகடனம் செய்தார்கள். அக்டோபர் 10-ந் தேதி மேட்டூர் மதகு மூடப்பட்டது. கடைமடையில் பயிர் காய்ந்தது. 94 என்ற எண்ணுக்குள்ளேதான் இத்தனையும் நடந்தன. கணிப்பு பலித்தது என்று இலாகா சொல்வதும் மெய். கணிப்பினால் நான் கெட்டேன் என்று குடியானவன் சொல்வதும் மெய்.

அதே வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் நேர்ந்தது வேறு வகை. காயல்பட்டினத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எச்சரிக்கை போதவில்லை என்று மாகாண சர்க்காரும், முன்கூட்டியே சொன்னோம் என்று மத்திய சர்க்காரும் வாதாடினார்கள். இந்த வழக்கில் நாம் கவனித்தது ஒரு சிறு விஷயம். ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்டால் ‘அதி கனமழை’ என்பது இலாகாவின் பரிபாஷை. 21 சென்டிமீட்டரும் அதுவே, 95 சென்டிமீட்டரும் அதுவே. ‘ஓரிரு இடங்களில்’ என்பதும் இப்படியே. மழைமானிகளில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். இந்தப் பொருளை எந்தக் கிராமத்தில் யார் எடுத்துச் சொன்னார்கள்?

மஹாராஷ்டிரத்தில் பீட் ஜில்லா விவசாயிகள் சிலர் 2017 ஜூலையில் ஒரு படி மேலே போனார்கள். விதை, பூச்சிமருந்து வியாபாரிகளோடு கூடிக்கொண்டு நல்ல மழை வரும் என்று சொல்லித் தங்களை ஏமாற்றிவிட்டதாக வானிலை இலாகாவின் மேல் போலீஸில் புகார் கொடுத்தார்கள். வக்கீல் என்ற முறையில் சொன்னால் இது நிற்கும் வழக்கல்ல. வஞ்சனைக்கு ருஜு ஒன்றுமில்லை. ஆயினும் அந்தப் புகாரின் அடியில் உள்ள கேள்வி நியாயமானது. ஒருவர் வாக்கை நம்பி மற்றொருவர் கடன் வாங்கி விதைக்கிறார். வாக்கு பொய்த்தால் விதையும் கூலியும் வட்டியும் யார் தலையில் விழுகின்றன? சொன்னவருக்குச் சம்பளம் குறையவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு உள்ளவரையில், சந்தேகப்படுவது குடியானவனுக்கு மிச்சமுள்ள ஒரே இன்ஷ்யூரன்ஸ்.

விஞ்ஞானத்தின் மேலேயே அவனுக்குப் பகை என்று யாரும் எண்ணவேண்டாம். மார்கழியில் மேகம் ஓடும் கர்ப்போட்டத்தைப் பார்த்து வரும் வருஷத்து மழையை மதிப்பவன் அவன். அதையும் அவன் முழுவதும் நம்பிவிடுவதில்லை. பலன் கண்டால் நம்புவான். ஒரிஸாவில் 1999-ம் வருஷப் புயலில் ஏறக்குறையப் பதினாயிரம் பேர் மாண்டார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது எச்சரிக்கையை ஏற்று லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு முன்னதாகவே வெளியேறினார்கள், மாண்டவர் தொகை நூற்றையும் எட்டவில்லை. அதே இலாகா, அதே ஜனங்கள். அங்கே சொல் திட்டமாக இருந்தது. சொன்னபடி நடந்தால் உயிர் தப்பும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தங்க இடமும் உண்ணச் சோறும் கொடுக்க ஆள் இருந்தது.

பருவநிலை மாறுதலைப் பற்றிய நீண்ட காலக் கணிப்புகளுக்கும் இதே கதி நேர்கிறது. வியாழக்கிழமை மழையைச் சொல்லத் தெரியாதவர் ஐம்பது வருஷத்துக்கு அப்பால் நடப்பதைச் சொல்லுகிறாரே என்று நமது அரசியல் நண்பர்களே பரிகசிக்கிறார்கள். இது சரியல்ல. இன்ன இரவில் இன்னார் வீட்டில் திருட்டு நடக்கும் என்பது ஒன்று; காவலற்ற தெருவில் திருட்டு பெருகும் என்பது வேறு. மத்திய இந்தியாவில் 1950 முதல் 2015 வரையில் பரவலான பெருமழை நிகழ்ச்சிகள் மும்மடங்கு பெருகியிருப்பதாக 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஆனால் பருவமழையின் மொத்த அளவு பெருகவில்லை. ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டுகிறது என்று நமது கிழவர்கள் திண்ணையில் சொல்லுவதும் இதைத்தான்.

இந்நிலையில் சர்க்கார் செய்திருக்கவேண்டியது கணிப்பைக் கிராமத்தின் அருகே கொண்டுவருவது. 2018 முதல் 199 ஜில்லாக்களில் வேளாண் அறிவியல் நிலையங்களில் வானிலை ஆலோசனைப் பிரிவுகள் ஏற்படுத்தி, வட்டாரத்துக்கு ஏற்ற யோசனைகளை வாரம் இருமுறை கொடுத்து வந்தார்கள். கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதன் இருந்தான். 2024 தொடக்கத்தில் அப்பிரிவுகளை மூட உத்தரவாயிற்று. அவ்வருஷம் செப்டம்பரிலேயே 2,000 கோடி ரூபாயில் புதிய வானிலைத் திட்டத்துக்கு மந்திரி சபை அனுமதி அளித்தது. 2025 மே மாதம் ஆறு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகக் கணிக்கும் யந்திரமும் வந்தது. அவ்வருஷமே பதின்மூன்று மாகாணங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழைத் தொடக்கத்தைப் பற்றிச் செல்போனில் செய்தி அனுப்பினார்கள். யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யந்திரம் சொன்னதை விளங்கச் சொல்லும் ஆளை நீக்கிவிட்டு யந்திரத்தை வாங்குவது எந்தச் சிக்கனம் என்றுதான் கேட்கிறோம்.

மூடிய பிரிவுகள் மறுபடியும் நிலையான ஊழியர்களோடு திறக்கப்படவேண்டும். வட்டாரந்தோறும் சென்ற ஐந்து வருஷங்களில் சொன்ன மழை எவ்வளவு, பெய்த மழை எவ்வளவு என்ற கணக்கு தமிழில் அச்சிட்டுப் பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்டப்படவேண்டும். அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய நாட்கள் அவை. அன்று அந்த வருஷத்துக் கணிப்பையும் சென்ற வருஷத்துப் பலனையும் ஓர் உத்தியோகஸ்தர் நேரில் வந்து படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். டெல்டா ஜில்லாக்களில் உள்ள நமது ஊழியர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றி, நகல்களை ஜில்லா கலெக்டருக்கும் சென்னை வானிலை ஆய்வு மையத்துக்கும் அனுப்புவார்களாக.