தோலும் துவையலாகும் ரசாயனம்

பீர்க்கங்காய்க் கூட்டுச் செய்தால் சீவிய தோலை எறிந்துவிடுகிறோமா? அதையும் வதக்கித் துவையலாக அரைத்தால்தான் நமக்குத் திருப்தி. இந்தச் சிக்கனம் மருந்துத் தொழிற்சாலைக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது!

தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் விழுங்குகிறோமே, இபுப்ரொஃபென் மாத்திரை, அதன் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துப் பூட்ஸ் கம்பெனியின் விஞ்ஞானிகள் 1960-களில் கண்டுபிடித்த மருந்து அது. மருந்து அருமையானதுதான், செய்முறைதான் ஊதாரி. மொத்தம் ஆறு கட்டங்கள். போட்ட சரக்குகளில், எடைக் கணக்கில், நூற்றுக்கு 40 பங்குதான் மருந்தாகும். பாக்கி 60 பங்கு வேண்டாத பொருள். அதாவது, ஒரு கிலோ மருந்துக்கு ஒன்றரைக் கிலோ கழிவு! அந்தக் கழிவு எங்கே போகும்? யாரோ ஒருவருடைய ஆற்றுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில்தானே?

‘எவ்வளவு மருந்து கிடைத்தது என்று பார்த்தால் மட்டும் போதாது, போட்ட அணுக்களில் எவ்வளவு மருந்துக்குள் போயிற்று என்றும் பார்க்க வேண்டும்’ என்பதுதான் புதிய கணக்கு. பாரி டிராஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991-ல் இதற்கு ‘அணுச் சிக்கனம்’ என்று பெயர் சூட்டினார்.

இந்தச் சிக்கனத்தைச் செய்து காட்டிய தொழிற்சாலை ஒன்று 1992-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், பிஷப் என்ற ஊரில் இயங்கத் தொடங்கியது. அப்போது பி.எச்.சி. கம்பெனியாருடையதாக இருந்தது அது. அதே இபுப்ரொஃபென்தான், ஆனால் ஆறு கட்டங்கள் மூன்றாகிவிட்டன!

ரகசியம் என்ன? கிரியா ஊக்கிகள். கல்யாணத் தரகரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு குடும்பங்களைச் சேர்த்து வைப்பார். தாம் அந்தக் குடும்பத்தில் சேராமல் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். கிரியா ஊக்கியும் அப்படியே. பழைய முறையில் ஏராளமாகக் கொட்டிய அலுமினியம் குளோரைடு ஒரே தடவையில் கழிவாகிவிடும். புதிய முறையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் பயன்படுகிறது.

பலன்? நூற்றுக்கு 77 பங்கு மருந்தாகிறது. கூடவே பிறக்கும் அசெடிக் அமிலத்தையும் (வினிகரின் புளிப்பு அதுதான்) மீட்டு எடுத்துக்கொண்டால் கணக்கு 99-ஐ எட்டுகிறது! தோல் துவையலாயிற்று அல்லவா? 1997-ல், அப்போது அமெரிக்க ஜனாதிபதியின் பெயரால் வழங்கப்பட்டுவந்த பசுமை ரசாயனப் பரிசும் கிடைத்தது.

ஆனால் புதிய முறையும் பரம சாது அல்ல. ஹைட்ரஜன் ஃபுளோரைடு பொல்லாத விஷம். மேனி பட்டாலே ஆபத்து. அதைச் சிந்தாமல் அடைத்து வைத்துச் சுழல விடுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

நம் வலி தீர வேண்டியதுதான். அதற்காக இன்னொருவர் வீட்டுத் தண்ணீர் கெட வேண்டாமே!