விரைவுப் படகின் தாகம்
கரையோரம் சீராக இயங்கும் வெளியிணைப்பு இயந்திரம் முழுவேகத்தில் சோர்ந்து போவதேன்? மெல்லச் செல்கையில் சிறிதளவு பெற்றோல் போதும். விரைகையில் தேவை பன்மடங்காகும். குறை அப்போதே வெளிப்படும்.

காரணமறிய, ஒருவர் படகைச் செலுத்த, மற்றவர் எரிபொருட் குழாயிலுள்ள றப்பர்க் குமிழைக் கவனித்தல் வேண்டும். ஓட்டத்தின்போது அது தட்டையாக ஒடுங்கின், தாங்கியின் காற்றுத் துவாரமோ தாங்கிப் பக்கக் குழாயோ அடைபட்டிருக்கலாம். ஒடுங்காத குமிழை அமுக்கியதும் வேகம் மீளுமாயின், பம்பியின் மென்றகடு பழுதுற்றதோ, குழாயிற் காற்றுப் புகுகின்றதோ என நாம் ஆராய்தல் வேண்டும்.

இதனை அசட்டை செய்தலாகாது. எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் ஈரடிப்பு இயந்திரத்தில், பெற்றோல் குறைந்தால் மசகும் குறையும். பிஸ்ரன் வெந்து இறுகிவிடும். நடுக்கடலில் துடுப்பைத் தேடுவதினும், கரையிலேயே துவாரத்தையும் குழாயையும் சோதித்துப் புறப்படுதல் நமக்கு நன்று.