உங்களுக்குத் தெரியுமா? ரேஷன் காலத்துக் குழந்தைகளும் நீரிழிவும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில், பிரிட்டன் சர்க்கரையை ரேஷனுக்குள் கொண்டுவந்தது. ஆளுக்கு வாரம் ஏறத்தாழ 225 கிராம். ரேஷன் புத்தகத்தைக் காட்டினால்தான் கடையில் கிடைக்கும். 1953 செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கியதும், பெரியவர்களின் சராசரி நுகர்வு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமாக உயர்ந்தது. மற்ற உணவுகளில் இவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. கட்டுப்பாடு இருந்தபோது பிறந்தவர்களையும் அது நீங்கிய பின் பிறந்தவர்களையும் ஒப்பிட, எவரும் திட்டமிடாமலே அமைந்த அரிய வாய்ப்பு இது.

1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த சுமார் 60,000 பேரின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கருவிலும், பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷன் அளவுச் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பும் சுமார் 20 சதவீதம் குறைவு. நீரிழிவு வந்தவர்களுக்கும் அது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தாமதமாகவே வந்தது. இந்தப் பாதுகாப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தாயின் வயிற்றிலேயே கிடைத்துவிட்டது என்பதுதான் வியப்பு. கர்ப்பிணிகள் இனிப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வயது வரை குழந்தையின் பாலிலும் கஞ்சியிலும் சர்க்கரை சேர்க்காதீர்கள்.